ப்ராஜெக்ட்டுக்கு மருதாணிக் குடும்பம் வந்திருக்கு, மலேசியாவுல எந்தச் செடிய வெச்சுப் பண்றது?

பினாங்கு_நெல்லி:

எல்லாருக்கும் வணக்கம், இங்க படிச்சிட்டு மட்டும் போற ஆளு நான், இன்னிக்குத்தான் கேள்வி கேக்க வந்திருக்கேன். கேஎல்-ல பயோ ஃபைனல் இயர், வீடு பினாங்கு ஆயர் ஈத்தாம். ப்ராஜெக்ட்டுக்கு ஆளுக்கொரு தாவரக் குடும்பம் பிரிச்சுக் குடுத்தாங்க, பூ, மகரந்தச் சேர்க்கை சம்பந்தமா ஏதாவது பண்ணணும், எனக்கு வந்தது லித்ரேசியே. மருதாணிக் குடும்பம்னு சொன்னா அம்மாவுக்கே புரியும்.

படிக்க ஆரம்பிச்சதும் டார்வின் பண்ணின வேலையில போய் விழுந்துட்டேன். ஐரோப்பாவுல ஆத்தோரம், சதுப்பு நெலத்துல எல்லாம் லித்ரம் சாலிகாரியானு ஒரு ஊதாப் பூச்செடி வளருது. இந்தச் செடியில மூணு ஜாதி, ஒண்ணுல சூல்தண்டு (பூ நடுவுல மகரந்தத்த வாங்குற பெண் பாகம்) நெட்டை, ஒண்ணுல நடுத்தரம், ஒண்ணுல குட்டை. அதே பூவுல மகரந்தம் குடுக்குற ஆண் பாகமான மகரந்தத்தாள் 12, ஆறு ஆறா ரெண்டு உயரத்துல நிக்கும், சூல்தண்டு எந்த உயரமோ அந்த உயரத்துல மட்டும் தாள் இருக்காது. இந்த மூணு ஜாதிக்கும் நடுவுல 18 விதமா மகரந்தம் மாத்தி வைக்கலாம், அத்தனையையும் மனுஷன் கையாலயே பண்ணிப் பாத்திருக்காரு, தாளும் சூல்தண்டும் ஒரே உயரமா இருக்குற 6 வழியிலதான் விதை ஒழுங்கா பிடிச்சிருக்கு. 1864-ல லின்னியன் சொசைட்டிக்குக் குடுத்த பேப்பர் அது. கம்ப்யூட்டர் கிடையாது, ஒண்ணும் கிடையாது, தோட்டத்துல வலை போட்டு மூடி வெச்சு, விதைய எண்ணி எண்ணி எழுதியிருக்காரு.

எனக்கு இதே மாதிரி ஒண்ணு பண்ணணும். ஆனா சூப்பர்வைசர் "அந்தச் செடி இங்க இல்ல, வேற என்னன்னு நீயே தேடு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அம்மா கொல்லையில மருதாணி இருக்கு அத வெச்சு முடிச்சிட்டுப் போடின்றாங்க. ரோட்டோரம் புங்கோர் மரம் இருக்கு, அதுவும் இந்தக் குடும்பம்தானாம். ப்ரொபோசல் சீக்கிரம் குடுக்கணும். இந்த மாதிரி சூல்தண்டு உயரம் மாறுற செடி நம்ம பக்கம் ஏதாவது இருக்கா? இல்ல வேற ரூட்ல போகணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

சும்மா_கேக்குறேன்:

இதுக்குப் போயி இவ்ளோ யோசனையா? ஆன்லைன்ல விதை விக்கிறான், ரெண்டு பாக்கெட் ஆர்டர் போட்டு தொட்டியில வெச்சா முடிஞ்சது கதை. பிரிக்ஃபீல்ட்ஸ்ல என் ஃப்ளாட் பால்கனியில லாவெண்டரே வளத்திருக்கேன் லா.

இன்னொண்ணு, மருதாணி, மாதுளை, புங்கோர், கடலோரத்து பெரெம்பாங் எல்லாம் ஒரே குடும்பம்னு இப்ப சொல்றாங்களே, நான் ஸ்கூல் படிக்கிறப்ப மாதுளைக்குத் தனிக் குடும்பம்னு படிச்ச ஞாபகம். பத்து வருஷத்துக்கு ஒருக்கா பேர மாத்தி மாத்தி வெச்சாத்தான் இவங்களுக்கு ஃபண்ட் வரும் போல.

ஓய்வு_பயோடீச்சர்:

நெல்லி கண்ணு, மொதல்ல விதை ஆர்டர் பண்ற விஷயத்த முடிச்சிடுவோம், அது வேணவே வேணாம். வெளிநாட்டு விதைய உள்ள கொண்டு வர பெர்மிட் வேணும், அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இந்த லித்ரம் அமெரிக்கா, கனடாவுல பண்ணின அட்டகாசம் கொஞ்ச நஞ்சம் இல்ல. 1800-கள்ல ஐரோப்பாவுலேருந்து போன செடி, கப்பல் அடியில பாரத்துக்குப் போட்டு வந்த மண்ணு வழியாவும் வந்துச்சுன்னு சொல்றாங்க, சதுப்பு நெலத்த ஊதாவா மூடிடுச்சு. நல்லா வளந்த ஒரே செடி வருஷத்துக்கு இருபது லட்சம் விதைக்கு மேல போடும். புடுங்கி மாளாம, கடைசியில 1992-லேருந்து அதோட சொந்த ஊர் வண்டுகளையே, எல திங்கிறது ஒரு வகை, வேர் திங்கிறது ஒரு வகைன்னு கொண்டு வந்து விட்டாங்க. அதுக்கு முன்னாடி, இந்த வண்டு வேற செடியத் திங்குமான்னு வருஷக்கணக்கா டெஸ்ட் பண்ணியிருக்காங்க, அந்த டெஸ்ட்டுல நம்ம புங்கோரோட அண்ணன் தம்பி முறையான சீனத்துப் புங்கோரும் இருந்துச்சு, ஏன்னா அது அங்க வீட்டுக்கு வீடு அழகுக்கு நடுற மரம்.

இதெல்லாத்தையும் தாண்டி, நீ வெச்சாலும் அது இங்க சரியா பூக்காது. பூக்க பகல் நேரம் சுமார் 13 மணி நேரம் வேணும் அதுக்கு. நமக்கு வருஷம் பூரா பன்னெண்டு, பன்னெண்டேகால் மணிக்குள்ள பகல் முடிஞ்சு போயிடும். எல எலயா வளந்து நிக்கும், அவ்ளோதான். இந்தப் பூக்குற நேரத்தப் பத்தியே கனடாவுல பெரிய வேலை நடந்திருக்கு, வடக்க போகப் போக சம்மர் சின்னதா இருக்குறதால அங்க இருக்குற லித்ரம் சீக்கிரமாவே பூக்குற மாதிரி மாறிடுச்சு, கொலாட்டி, பேரட்னு ரெண்டு பேர் 2013-ல சயன்ஸ் பத்திரிகையில போட்டாங்க. வந்து சேந்து அம்பது, நூறு வருஷத்துக்குள்ள அப்படி ஒரு மாத்தம்.

குடும்பம் மாறின கதைக்கு அப்புறம் வர்றேன் தம்பி, அடுப்புல பால் இருக்கு.

சும்மா_கேக்குறேன்:

சரி டீச்சர், லாவெண்டரும் பூக்கலதான், அத நான் சொல்லவே இல்ல பாத்தீங்களா. 😅 ஆனா ஃபண்ட் விஷயம் இன்னும் நிக்கிது.

அலையாத்தி:

நெல்லி, நான் கேஎல்-ல இருந்துகிட்டு சதுப்பு நிலக் காட்டு சர்வேக்கு அடிக்கடி போற ஆளு. உங்களுக்கு பூவும் மகரந்தமும்தான் வேணும்னா பெரெம்பாங்க விட்டுட்டு வேற எங்கயும் போகாதீங்கன்னுதான் சொல்லுவேன், என் தொழில் புத்தி அப்படி.

சொன்னரேஷியா பேரினம். நம்ம பக்கம் முக்கியமா மூணு, கடல் ஓரமா உப்புத் தண்ணியில நிக்கிற பெரெப்பாட் அதாவது சொன்னரேஷியா ஆல்பா, ஆத்துக்குள்ள ஏறி உப்பு கொறஞ்ச எடத்துல நிக்கிற பெரெம்பாங் அதாவது கேசியோலாரிஸ், அப்புறம் ஒவாட்டா. பூ சாயங்காலம் இருட்டுற நேரத்துல விரியும். நீங்க ஒரு தடவ பக்கத்துல போய் நின்னு பாக்கணும், மொட்டு வெடிச்ச மாதிரி தொறந்ததும் உள்ளேருந்து நூத்துக்கணக்குல தாளு வெளிய பொசுக்குன்னு விரியும், ஆல்பாவுல எல்லாம் வெள்ளை, கேசியோலாரிஸ்ல அடியில செவப்பு, நடுவுல தேன் கோப்பையில தேங்கி நிக்கும், ஒரு புளிச்ச வாசம் வேற. விடியிறப்ப பாத்தா தாளெல்லாம் கொட்டி சேத்துல கெடக்கும். ஒரே ராத்திரி வாழ்க்கை.

அந்த ராத்திரியில வர்றவன் வௌவால். பத்து கேவ்ஸ் போறவங்க எல்லாரும் முருகர் செலைக்கும் பொறாவுக்கும் போட்டோ எடுத்துட்டு வந்துடுறோம், அந்த மலைக்குள்ள இருட்டுக் குகையில தேன் குடிக்கிற வௌவால் கூட்டம் ஒண்ணு இருக்கு, ஐயோனிக்டெரிஸ் ஸ்பெலியா. 1970-கள்ல ஸ்டார்ட்னு ஒரு ஆராய்ச்சியாளர் அந்த வௌவால்களோட எச்சத்தையும் ஒடம்புல ஒட்டியிருக்குற மகரந்தத்தையும் மைக்ராஸ்கோப்ல பாத்துப் பாத்து என்னென்ன பூவுக்குப் போகுதுன்னு கண்டுபிடிச்சாரு, 1976-ல மார்ஷலோட சேந்து எழுதினாரு. அதுல சொன்னரேஷியா மகரந்தம் வந்துச்சு. பத்து கேவ்ஸ்ல ஏது கடல்? அதாவது சாயங்காலம் குகையை விட்டுக் கெளம்பி, சிலாங்கூர் கடலோரம் வரைக்கும் முப்பது கிலோமீட்டருக்கு மேல பறந்து போய் பெரெப்பாட் பூவுல தேன் குடிச்சிட்டு விடியிறதுக்குள்ள வீடு திரும்புது. நம்மாளு ஃபெடரல் ஹைவே ஜாம்ல அந்த தூரத்துக்கு என்ன பாடுபடுறோம்.

இதுல காசு எங்க இருக்குன்னா டுரியான்ல. டுரியான் பூவுக்கும் பெத்தாய் பூவுக்கும் இதே வௌவால்தான் மகரந்தம் தூக்கிட்டுப் போகுது. ஆனா டுரியான் பூக்குறது வருஷத்துல சில வாரம்தான். மத்த நாள்ல வௌவால் எதத் தின்னும்? சொன்னரேஷியா கிட்டத்தட்ட வருஷம் முழுக்க பூத்துக்கிட்டே இருக்குது, வாழைப்பூவும் உண்டு. கடலோரத்துல காட்ட வெட்டி எறால் கொளம் போட்டா பாலிக் பூலாவ்ல, ராவுப்ல மலை மேல டுரியான் தோட்டம் வெச்சிருக்குறவனுக்கு அடிவிழ வாய்ப்பு இருக்கு, இத அவன்கிட்ட சொன்னா சிரிப்பான். தோட்டத்துக்காரங்க சில பேர் வௌவால் டுரியான் பூவத் தின்னுட்டுப் போகுதுன்னு சுடக்கூட செய்றாங்க. எனக்கு இதுதான் தாங்க முடியாத கோவம்.

ப்ராஜெக்ட் பண்றது கஷ்டம் இல்ல. கொஞ்சம் மொட்டுக்கு ராத்திரி மட்டும் வலைப்பை கட்டுங்க, கொஞ்சத்துக்கு பகல்ல மட்டும், கொஞ்சம் எப்பவும் மூடியே, கொஞ்சம் தொறந்தே விடுங்க, காய் எத்தனை பிடிச்சுதுன்னு எண்ணுங்க. வௌவால் எவ்ளோ வேலை பாக்குது, காலையில வர்ற தேனீ எவ்ளோ பாக்குதுன்னு தெரிஞ்சு போகும். வௌவாலப் பிடிக்கப் போனீங்கன்னாத்தான் பெர்ஹிலித்தான், அதாவது வனவிலங்கு இலாகா பெர்மிட், நீங்க பூவ மட்டும் தொட்டா அது தேவைப்படாது, ஆனா காடு ஃபாரஸ்ட்ரி கீழ இருந்தா அவங்க கடிதம் கட்டாயம். அலை நேரம் பாத்துக்குங்க, தனியா போகாதீங்க, பொம்பளப் புள்ளைன்னு சொல்லல, யாரா இருந்தாலும் சேத்துல தனியா எறங்கக் கூடாது.

சுங்கைபூலோ_செடிக்காரன்:

அண்ணன் சொல்ற பெரெம்பாங்லதானே கோலசிலாங்கூர் கம்போங் குவாந்தான்ல மின்மினிப்பூச்சி உக்காந்து ஒண்ணா கண் சிமிட்டுது? அந்தப் பூச்சி அந்த மரத்த தின்னுதா?

அலையாத்தி:

அதேதான், டெரோப்டிக்ஸ் டெனெர். மரத்தத் தின்னாது, ஜோடி தேடுறதுக்கு அது மேடை, அவ்ளோதான். புழுவா இருக்குறப்ப அது ஆத்தங்கரையில நீப்பா, சாகு மரங்களுக்கு அடியில ஈரத்துல குட்டி நத்தையப் பிடிச்சுத் தின்னுக்கிட்டு இருக்கும். அதனால பெரெம்பாங் வரிசைய மட்டும் காப்பாத்திட்டு பின்னாடி இருக்குற புதர எல்லாம் எண்ணெய்ப்பனை போட்டா பூச்சி போயிடும். டூரிஸ்ட்டு முன்னாடி மரத்தத்தான் பாக்குறான்.

சுங்கைபூலோ_செடிக்காரன்:

நன்றி அண்ணே. நெல்லி தங்கச்சிக்கு என் பங்குக்கு ஒண்ணு. நான் நர்சரி வெச்சிருக்கேன், பொன்சாய் எனக்குப் பைத்தியம். நீ சொன்ன அந்த சூல்தண்டு நெட்டை குட்டை விஷயத்தப் படிச்சதும் எனக்கு சந்திகி ஞாபகம் வந்துச்சு, மெந்திகின்னும் சொல்லுவாங்க, பொன்சாய்க்காரங்க தலையில தூக்கி வெச்சு ஆடுற செடி. கடலோரப் பாறையில, பவளப் பாறையில மொளைக்கிறது, எல பொடிப்பொடியா தடிப்பா சாம்பல் வெல்வெட் போத்துன மாதிரி, கட்டை இரும்பு. இதுவும் மருதாணிக் குடும்பம்னு எங்கயோ கேட்டிருக்கேன்.

இப்ப கடையில பூத்திருக்கு, உன் கேள்வியப் படிச்சிட்டு டார்ச்சும் ப்ளேடும் எடுத்துட்டுப் போயிட்டேன், என் வீட்டம்மா பாத்துட்டு தலையில அடிச்சுக்கிட்டாங்க. வெள்ளைப் பூ, நகக்கண் அளவு, இதழ் ஆறு, கசங்கிக் கசங்கி இருக்கும். நெடுக்க ஒரு கீறல் போட்டு விரிச்சுப் பாத்தேன். வாசல் ஓரம் இருக்குற மரத்துல சூல்தண்டு தாளெல்லாத்துக்கும் மேல ஊசி கணக்கா நீட்டிட்டு நிக்குது. பின்னாடி வலைக்குள்ள இருக்குற பெரிய மரத்துல அதத் தேடவேண்டியிருக்கு, தாளெல்லாம் மேல நிக்குது, சூல்தண்டு அடியில குட்டையா ஒளிஞ்சிட்டு இருக்கு. அதே மரத்துல நாலஞ்சு பூ பாத்தாச்சு, எல்லாம் அப்படியேதான். தாள் எண்ணிப் பாத்தா பன்னெண்டு, ஒண்ணு விட்டு ஒண்ணு நெட்டை குட்டை. இத்தன வருஷமா தண்ணி ஊத்துறேன், இப்படி ஒரு சங்கதி இருக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாது லா.

பினாங்கு_நெல்லி:

அண்ணே!!! நெஜமாவா??? போட்டோ போடுங்க ப்ளீஸ். சந்திகியோட பொட்டானிக்கல் பேர் என்ன?

ஓய்வு_பயோடீச்சர்:

பெம்ஃபிஸ் அசிடுலா. செடிக்காரத் தம்பி கண்ணு கூர்மைதான், நான் அதத்தான் எழுத வந்தேன், முந்திக்கிட்டாரு.

பெம்ஃபிஸ்ல ரெண்டு ஜாதி, நெட்டைச் சூல்தண்டு ஒண்ணு, குட்டைச் சூல்தண்டு ஒண்ணு. லித்ரத்துல மூணு, இதுல ரெண்டு, அடிப்படை சங்கதி ஒண்ணுதான், தன் பூவுக்குத் தானே மகரந்தம் வெச்சுக்காம அடுத்த ஜாதிகிட்டேருந்து வாங்குறதுக்கு ஏத்த அமைப்பு. இதுல நம்ம பக்கத்துலயே வேலை நடந்திருக்கு, லண்டன்ல இருந்த டி. லூயிஸும் சிங்கப்பூர் பல்கலைக்கழகத்துல இருந்த ஏ. என். ராவும் சேந்து 1971-ல ராயல் சொசைட்டி பத்திரிகையில பெம்ஃபிஸ் அசிடுலாவப் பத்தி எழுதியிருக்காங்க. அத லைப்ரரியில கேட்டு வாங்கி மொத வரியிலேருந்து படி. டார்வின் தொட்ட அதே விஷயத்த, இன்னிக்குலேருந்து அம்பது வருஷத்துக்கு முன்னாடியே நம்ம கடல்லயே ஒரு இந்தியப் பேராசிரியர் தொட்டிருக்காரு, இத நம்ம பிள்ளைங்களுக்கு யாரும் சொல்றதில்ல.

இப்ப அந்த ஃபண்ட் தம்பிக்கு. மாதுளைக்கு புனிகேசியே, பெரெம்பாங்குக்கு சொன்னரேஷியேசியே, தண்ணியில மெதக்குற ட்ராப்பாவுக்கு ட்ராப்பேசியேன்னு தனித்தனி குடும்பம் இருந்தது உண்மை. பேர் மாத்தணும்னு ஆசைப்பட்டு மாத்தல. 1903-ல கோனேன்னு ஜெர்மன்காரர் இந்தக் குடும்பத்துக்கே ஒரு பெரிய மோனோகிராஃப் போட்டாரு, அப்புறம் பல பேர் கட்டை, மகரந்தம், விதைன்னு ஒண்ணொண்ணா வெட்டிப் பாத்தாங்க, 1984-லயே டால்கிரன், தோர்ன் ரெண்டு பேரும் மாதுளையையும் பெரெம்பாங்கையும் உள்ள சேத்துட்டாங்க. டிஎன்ஏ அப்புறமாத்தான் வந்துச்சு. ஷெர்லி கிரஹாம்னு ஒரு அம்மா வாழ்க்கை முழுக்க இந்தக் குடும்பத்துலயே உழைச்சவங்க, அவங்க குழு 2005-ல நாலு மரபணுப் பகுதியையும் உருவ அமைப்பையும் சேத்துப் பாத்தப்ப எல்லாம் ஒரே கொத்தா வந்து நின்னுச்சு. அதுல எனக்குப் பிடிச்ச முடிவு என்னன்னா பெரெம்பாங்குக்கு ரொம்ப நெருங்கின சொந்தம் ட்ராப்பா. மூன்கேக் திருவிழா நேரத்துல பாசார்ல கருப்பா, எருமைத் தலையாட்டம் ரெண்டு கொம்பு வெச்ச கொட்டை அவிச்சு விப்பாங்களே, அதேதான். கடலோரத்துல நிக்கிற மரம் ஒண்ணு, கொளத்துல மெதக்குற செடி ஒண்ணு, கண்ணால பாத்து யாரு சொல்லுவா?

கண்ணாலயும் பாக்கலாம் தம்பி, ஒரு மாதுளம்பழம் வாங்கு. தலையில கிரீடம் இருக்குல்ல, அது புல்லிவட்டம், உள்ள விரல விட்டா காஞ்ச மகரந்தத்தாள் இன்னும் பொடிப்பொடியா இருக்கும். அடுத்தாப்ல பெரெம்பாங் காயப் பாரு, அதே தடிச்ச நட்சத்திரம் காய்க்கு அடியில தட்டு வெச்ச மாதிரி இருக்கும். மாதுளையில சூல்பை புல்லிக்குக் கீழ எறங்கிப் போச்சு, அதனால கிரீடம் மேல வந்துடுச்சு, பெரெம்பாங்ல சூல்பை மேல நிக்கிது, அதனால அடியில தங்கிடுச்சு. புங்கோர் காய் காஞ்சு வெடிச்சு கீழ விழுந்து கெடக்கும், அதுலயும் அடியில அதே ஆறு முனை. மொட்டப் பிரிச்சுப் பாத்தா இதழெல்லாம் கசங்கித்தான் மடிஞ்சிருக்கும், புங்கோர், மாதுளை, சந்திகி, மருதாணி எதுலயும். குடும்பத்துல சுமார் 30 பேரினம், 600-க்கு மேல இனம் இருக்கு.

சும்மா_கேக்குறேன்:

மாதுளை ரெண்டு வாங்கிட்டேன் டீச்சர், ஒண்ணு ஆராய்ச்சிக்கு, ஒண்ணு வயித்துக்கு. கிரீடத்துக்குள்ள தூள் தூளா வருது, இவ்ளோ நாளா அழுக்குன்னு நெனச்சு தட்டிட்டு இருந்தேன்.

பினாங்கு_நெல்லி:

டீச்சர், அந்த பேப்பர் கேட்டிருக்கேன், ரொம்ப நன்றி. இப்ப ஒரு யோசனை, சரியான்னு சொல்லுங்க. சுங்கை பூலோவுல இருக்குற எல்லா நர்சரிக்கும் போய் சந்திகி பொன்சாய்ல நெட்டை எத்தனை குட்டை எத்தனைன்னு எண்ணினா போதுமா? கேஎல்-லயே முடிஞ்சிடும், போட் செலவு இல்ல.

அலையாத்தி:

நோகாம நொங்கு திங்கப் பாக்குறீங்க. 🙂 எண்ணலாம், ஆனா அந்த நம்பர வெச்சு இயற்கையப் பத்தி ஒண்ணும் சொல்ல முடியாது. பொன்சாய்க்காரன் அழகான அடிமரம் இருக்குறதப் பாத்துத் தோண்டுறான், அப்புறம் கட்டிங் போட்டு, தூட் கட்டி (கிளையில மண்ணு சுத்திக் கட்டி வேர் விட வெச்சு) அதையே பத்தாக்குறான், பத்தும் ஒரே ஜாதியாத்தான் இருக்கும். பொதுவா ரெண்டு ஜாதிப் பூ இருக்குற செடிகள்ல காட்டுல பாதிக்குப் பாதி எதிர்பாக்கலாம், ஒரு ஜாதி எதிர் ஜாதியோடதான் சேரணும், அதனால எண்ணிக்கை தானா சமனாகிடும். நர்சரியில அந்தக் கணக்கு செல்லாது.

ஆனா உங்க கேள்விய கொஞ்சம் திருப்பிப் போட்டா நல்ல ப்ராஜெக்ட் ஆயிடும். லித்ரத்துல எக்கெர்ட், பேரட் 1992-ல ஒரு விஷயம் காட்டினாங்க, கனடா ஒண்டாரியோவுல சின்னச் சின்னக் கூட்டமா இருக்குற எடத்துல மூணு ஜாதியில ஒண்ணு காணாமப் போயிருந்துச்சு, யாரும் வேணும்னு அழிக்கல, ஆள் எண்ணிக்கை கொறைஞ்சா அதிர்ஷ்டத்துலயே அப்படி விழும். இப்ப சந்திகிய யோசிச்சுப் பாருங்க. பொன்சாய்க்காக கண்ட எடத்துல தோண்டி எடுத்துட்டுப் போறாங்க, பிலிப்பைன்ஸ்ல இது பெரிய திருட்டு, இங்கயும் நடக்காம இல்ல. ஒரு பாறையில இருபது மரம் இருந்து ஏழெட்டுதான் மிச்சம்னா, அந்த ஏழெட்டும் ஒரே ஜாதியா போச்சுன்னா? மரம் பச்சையா நிக்கும், பூக்கும், போட்டோவுல அழகா இருக்கும், விதை மட்டும் பிடிக்காது, இல்ல ரொம்பக் கம்மியா பிடிக்கும். யாருக்கும் தெரியாது. தோண்டாத எடம் ஒண்ணு, தோண்டின எடம் ஒண்ணு எடுத்து ரெண்டுலயும் ஜாதி எண்ணுங்க, காய்க்கு எத்தனை விதைன்னு எண்ணுங்க. டார்வின் பண்ணின மாதிரி கையால மகரந்தம் வைக்கிறத நர்சரி மரத்துல பண்ணுங்க, செடிக்காரர் விட்டா.

ஒரு வேண்டுகோள், எல்லாருக்கும். எந்தத் தீவு, எந்தப் பாறைன்னு இங்க எழுதாதீங்க. இந்த த்ரெட்ட பூக்காரன் மட்டும் படிக்கல. நெல்லிக்கு பிஎம்ல சொல்றேன்.

சுங்கைபூலோ_செடிக்காரன்:

அண்ணன் சொன்னது சுருக்குன்னு இருந்தாலும் சரிதான். எங்க தொழில்லயும் ரெண்டு வகை ஆளு இருக்கான், விதையிலேருந்தும் கட்டிங்லேருந்தும் பொறுமையா வளக்குறவன் ஒருத்தன், ராத்திரியில போட் எடுத்துட்டுப் போய் கடப்பாரை போடுறவன் ஒருத்தன். தோண்டுன மரத்துல நெறைய வேர் பிடிக்காம செத்துப் போகும், இத வாங்குறவன்கிட்ட யாரும் சொல்ல மாட்டான். என்கிட்ட இருக்குறதுல வாசல் மரம் கட்டிங்ல வந்தது, பின்னாடி பெரிய மரம் ஒரு பெரியவர் வெளிநாடு போறப்ப குடுத்துட்டுப் போனது, அது எங்கேருந்து வந்துச்சுன்னு நான் கேட்டுக்கல.

தங்கச்சி, மகரந்தம் வெச்சுப் பாக்க தாராளமா வா. ரெண்டு மரமும் வேற வேற ஜாதியா இருக்குறதால மாத்தி வைக்கலாம், தன் பூவுலயே வெச்சும் பாக்கலாம். பூனை மட்டும் அடிக்கடி தொட்டிக்குள்ள ஏறும், பை கட்டினா அதையும் பிடிச்சு இழுக்கும், அதுக்கு என்ன பண்றதுன்னு யோசிச்சுக்க.

ஓய்வு_பயோடீச்சர்:

ரெண்டே மரத்த வெச்சு முடிவு எழுதிடாத நெல்லி, அத ட்ரையல்னு மட்டும் போடு. மாதிரிப் பூவ ஆல்கஹால்ல போட்டு வெச்சுக்க, அளக்குறப்ப தாள் உயரம், சூல்தண்டு உயரம் ரெண்டையும் புல்லிக் கோப்பை அடியிலேருந்து அள, பூவோட விளிம்பிலேருந்து அளந்தா ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு நம்பர் வரும். மகரந்தத்தையும் மைக்ராஸ்கோப்ல பாரு, லித்ரத்துல நெட்டைத் தாளோட மகரந்தம் பெருசாவும் பச்சையாவும், மத்தது மஞ்சளாவும் இருக்கும், சந்திகியில அளவு மாறுதான்னு நீயே அளந்து எழுதலாம். கடலோரத்துல செடியத் தொட எந்த ஆபீஸ் அனுமதின்னு உன் டிபார்ட்மெண்ட் கடிதத்தோட மொதல்லயே கேட்டு வாங்கிடு, கடைசி நேரத்துல ஓடாத.

அம்மா சொன்ன மருதாணியும் மோசம் இல்ல. நாலு இதழ், எட்டு தாள், ஜோடி ஜோடியா இதழுக்கு நடுவுல நிக்கும், வாசத்துக்குப் பூச்சி மொய்க்கும். ஃபீல்டு வேலை ஏதாவது மழையில கெட்டுப் போச்சுன்னா கைகுடுக்கும், ஒரு ஓரமா வெச்சுக்க.

பினாங்கு_நெல்லி:

சூப்பர்வைசர்கிட்ட காட்டினேன், தோண்டின எடம் தோண்டாத எடம் ஐடியா அவருக்குப் பிடிச்சிருக்கு, ப்ரொபோசல்ல அதையே தலைப்பாப் போடச் சொல்லிட்டாரு. பெரெம்பாங் வௌவால் இன்னொரு பையனுக்குப் போகுது, அலையாத்தி அண்ணே அவன் உங்களத் தேடி வருவான். பிஎம் பாத்துட்டேன், அனுமதிக் கடிதத்துக்கு எழுதிப் போட்டாச்சு. அம்மாகிட்ட மருதாணி பேக்கப்புன்னு சொன்னேன், "அப்பவே சொன்னேன்ல"ன்னு ஆரம்பிச்சிட்டாங்க.

செடிக்கார அண்ணே, சனிக்கிழமை வரலாமா?

சுங்கைபூலோ_செடிக்காரன்:

சனி, ஞாயிறு வேணாம் லா, கஸ்டமர் கூட்டம், பேசக்கூட முடியாது. செவ்வாய் காலையில வா, ஒன்பது மணிக்குள்ள, வெயில் ஏறினா பூ வாடிடும். அளக்குறதுக்கு நீயே மில்லிமீட்டர் ஸ்கேல் கொண்டு வந்துடு, என்கிட்ட இருக்குறது பைப்பு அளக்குற இஞ்ச் டேப்புதான்.